கடல் கொண்ட ஊரில் கலியாணம்

கேள்வி: நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். கடல் பொங்கி ஊரை அழித்தபின், தப்பியவர்கள் மேட்டுநிலத்தில் புது ஊர் அமைக்கிறார்கள். அங்கே தாலி இல்லை, கூறை இல்லை. மாலை மாற்றினால் கலியாணம் முடிந்தது. வாசித்த சிநேகிதி நம்பமுடியவில்லை என்கிறாள். எதை மாற்றுவது?
— வாசகி, நிலாவெளி

பதில்: தங்கச்சி, உங்கள் சிநேகிதி சொன்னது சரி. எல்லாம் இழந்த சனம் சடங்கை லேசில் கைவிடாது, இன்னும் இறுக்கிப் பிடிக்கும். சுனாமிக்கு அடுத்த வருடம், 2005இல் திருகோணமலைக் கரையோரம் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தேன். தகரக் கொட்டிலில் பந்தல், இரவல் கூறை. பெண்ணின் வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் அம்மியும்தான் மிச்சம். தாய்மாமன் அந்த அம்மியைத் தூக்கிவந்து, மணல் போகத் தேய்த்துக் கழுவி, மஞ்சள் பூசி வைத்தார். பெண் அதில் கால் வைத்தபோது அரைத்துத் தேய்ந்த பள்ளத்தில் ஈரம் காயவில்லை. அவளுடைய தாய் மிளகாய் அரைத்த அம்மி அது. தாய் இல்லை.

மாற்றம் வருவது வீட்டு வழியாக. எங்கள் கிழக்கிலங்கையில் வீடு வளவு பெரும்பாலும் மகளுக்கு. மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, இந்தப் பக்கம் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்றது அரசாங்கம். பின்னர் தளர்த்தினாலும், மகளுக்கென்று தாய் வைத்திருந்த வளவு எத்தனையோ அதற்குள் அகப்பட்டன. புது வீடு கொடுத்தபோது 'குடும்பத் தலைவர்' என்று பல இடங்களில் புருஷன் பேரைப் பதிந்தார்கள். தாய்வழி வந்த உரிமை அப்படியே கைமாறியது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் கொதிக்கும். உங்கள் புது ஊரில் காணி உறுதிப் பத்திரம் யார் பேரில் என்று முதலில் தீர்மானியுங்கள். தாலி கட்டுமுன் உறுதியைச் சபையில் வாசிக்கவேண்டும் என்று பெண் வீட்டார் கேட்கலாம். அப்படி ஒரு சடங்கு பிறந்தால் நான் நம்புவேன்.

அடுத்தது, தாரை வார்ப்பது யார்? தம்பதியாக நிற்க ஆள் வேண்டும். பாதி ஊர் துணை இழந்திருக்கிறது. விதவைத் தாயைப் பந்தலுக்கு வெளியே நிறுத்த அந்த ஊருக்கு மனம் வருமா? முதலில் உள்ளே வரும் தாயை எழுதுங்கள், தடுக்கும் கிழவரையும் எழுதுங்கள். தாரை வார்ப்பது தண்ணீரால். அலை சத்தத்துக்கே நடுங்கும் ஒருத்தி செம்பைச் சரிக்கிறாள். அந்தக் கையை மட்டும் ஒரு பக்கம் எழுதலாம்.

ஊர் தாலியைக் கைவிடும் அத்தியாயம் இவற்றுக்குப் பிறகும் தேவைப்பட்டால் வைத்துக்கொள்ளுங்கள். திருத்திய பிரதியை எனக்கு அனுப்புங்கள், வாசிக்கிறேன்.