கீறலை முதல் படமாப் போடும், தம்பி

தம்பி, உம்மட கேள்வியை ரெண்டு தரம் வாசிச்சனான். கனடாவுக்கு வந்து ஏழு மாசம், 2017 ஹொண்டா சிவிக் கார் ஒண்டு பழசா வாங்கினனீர், வித்த ஆள் காரில பூட்டிக் கிடந்ததுக்கு மேலால வேற நாலு அலோய் ரிம்மையும், அலுமினியச் சில்லு, சும்மா தூக்கித் தந்திட்டார், ரயர் இல்லை, ஓரமெல்லாம் உரசல், ஒண்டில வெள்ளை வெள்ளையாப் பொருக்கு. பேஸ்மென்ற் வாசலில கிடக்கிற அதை எடு எடு எண்டு வீட்டுக்கார அம்மா நிக்கிறா. கிஜிஜி எண்ட பழஞ்சாமான் விக்கிற வெப்சைற்றிலயும் பேஸ்புக் மார்க்கெற்பிளேஸிலயும் "நல்ல கொண்டிசன்" எண்டு ஒரே ஒரு படத்தோட போட்டீர், முப்பது பேர் "இருக்கோ" எண்டு கேட்டினம், பேந்து சத்தமில்லை, நேர வந்த ஒரு மனிசனும் முகத்தைச் சுழிச்சுக்கொண்டு திரும்பிட்டார். இப்ப நீர் கேக்கிறது, கறுப்பு ஸ்பிரே அடிச்சு மறைச்சு விக்கட்டோ, உள்ளதைச் சொன்னா ஆர் வாங்கப்போகினம் எண்டு.

அடிக்காதேயும். ஞாயம் கதைக்க வரேல்லை, அது வியாபாரத்துக்கே கூடாது. இந்த ஊரில பழைய ரிம் தேடி வாறவன் முக்கால்வாசி தன்ர கார் வேலையைத் தானே செய்யிறவன், புது பெயின்ற் மணத்தோட பழைய ரிம்மைக் கண்டானெண்டா அவன் முதல் யோசிக்கிறது உள்ளுக்க என்ன வெடிப்பை மூடியிருக்கிறாங்கள் எண்டுதான். உரசலுக்கு முப்பது நாப்பது டொலர் குறைச்சுக் கேக்கிற ஆள் பெயின்றைக் கண்டா விலையே கேக்காமப் போயிடுவான். அதோட இந்தக் குளிருக்க அடிச்சா பெயின்ற் வடிவாப் பிடிக்கவும் மாட்டுது. கடையில குடுத்து ஒழுங்கா பவுடர் கோற், அதாவது தூள் பெயின்றைச் சூட்டில உருக்கி ஒட்டிற வேலை, செய்விக்கலாம்தான், ஆனா சில்லுக்கு நூறு டொலருக்கு மேல வரும், பேந்து போட்ட காசே திரும்பாது.

நான் பட்டதைச் சொல்லுறன். 2009 எண்டு நினைக்கிறன், ரொயோட்டா கம்றிக் கார் ஒண்டின்ர நாலு ரிம் விக்கப் போட்டனான், ரெண்டில கெர்ப்பில, ரோட்டோரக் கல்லில, தேச்ச தேய்வு. நான் என்ன செய்தனெண்டா தேஞ்ச பக்கத்தைக் கீழ வைச்சு ஸ்நோவுக்க கொஞ்சம் புதைச்சு நிப்பாட்டிப் படம் எடுத்தன், பெரிய கெட்டித்தனம் எண்ட நினைப்பு. பரி எண்ட ஊரில இருந்து ஒரு வெள்ளைக்கார மனிசன் ஸ்நோ ரோட்டில ஒண்டரை மணித்தியாலம் ஓடி வந்தவர், முன்சீற்றில ஒரு சின்னப் பெடியன். ஆள் குந்தியிருந்து ஒரு விரலால சில்லை மெல்ல உருட்டினார், அவ்வளவுதான், தேஞ்ச பக்கம் அப்பிடியே மேல வந்து நிண்டுது. "இந்தப் பக்கம் படத்தில இல்லை" எண்டு மட்டும் சொல்லிப்போட்டு எழும்பிப் போட்டார். ஏசியிருந்தாலும் பரவாயில்லை. சுன்னாகம் சந்தையில மேல நல்ல கத்தரிக்காயை அடுக்கி அடியில சூத்தையைத் தள்ளுறவனை நான் எவ்வளவு திட்டியிருப்பன், இஞ்ச வந்து அதே வேலையைத்தான் பாத்திருக்கிறன்.

அடுத்த கிழமை அதே ரிம்மை தேஞ்ச இடத்தைக் கிட்டவா எடுத்து முதல் படமாப் போட்டன், விலையில 40 டொலர் குறைச்சன், மூண்டாம் நாள் போச்சு. வந்த ஆள் உரசலைப் பத்தி ஒரு கதையும் கதைக்கேல்லை, ஏனெண்டா அவர் அதைப் படத்தில பாத்து, மனசுக்க கணக்குப் போட்டு, சரியெண்டு முடிவெடுத்துத்தான் காரை எடுத்தவர். வீட்டில இருந்தே கழிச்சுக்கொண்டு வாறவன் வாசலில வந்து கழிக்க மாட்டான்.

ஆனா போட முதல் ஒரு வேலை இருக்கு, இதுதான் முக்கியம். வடிவுக்குள்ள குறையும் ஓடேக்க ஆளை விழுத்திற குறையும் வேற வேற. உரசல், கீறல், மேல் பூச்சுக் கழண்டது எல்லாம் வடிவுக் குறை, அதைச் சொல்லிப்போட்டு விக்கலாம். வெடிப்பு, நெளிவு ரெண்டும் அப்பிடியில்லை.

உம்மட ஒரு ரிம்மில இருக்கிற வெள்ளைப் பொருக்கு அனேகமா உப்பாலதான். இஞ்ச குளிருக்கு ரோட்டில கொட்டிற உப்பு, மேல இருக்கிற கண்ணாடி மாதிரிப் பூச்சு கல்லடிச்சு எங்கயாவது பேந்திருந்தா அதால உள்ளுக்க போய் அலுமினியத்தைத் திண்டு, புழு ஊர்ந்த தடம் மாதிரிக் கோடு கோடா வெள்ளையா எழும்பும். முகப்பு பளபளவெண்டு சீவின ரிம்முகளுக்கு இது இன்னும் கெதியா வரும். முகப்பில இருந்தா பறவாயில்லை, ரயர் குந்திற உள் விளிம்பில இருக்கோ எண்டு பாரும். அங்க பொருக்குக் கட்டினா ரயர் ஒட்டி இருக்காது, கிழமைக்கு ஒருக்கா காத்தடிக்க வேண்டி வரும். கம்பி பிறஸால உரசி எடுத்தா அனேகமாச் சரிவரும், ஆனா வாங்கிறவருக்கு அதைச் சொல்ல வேணும்.

நெளிவு பள்ளத்தால வாறது. பெப்ரவரி மார்ச்சில தண்ணி ரோட்டு வெடிப்புக்க போய் உறைஞ்சு, இளகி, திரும்ப உறைஞ்சு தாரைப் பேத்தெறிஞ்சிடும், அதுக்க ஒரு சில்லு விழுந்தா உள்பக்க விளிம்புதான் முதல் நெளியும், முன்னுக்கு நிண்டு பாத்தாத் தெரியவே தெரியாது. ரிம்மைக் கவிட்டு வைச்சு உள்விளிம்பைச் சுத்தி விரலை ஓட்டிப் பாரும். சந்தேகமெண்டா பக்கத்தில இருக்கிற ரயர் கடையில குடுத்து பலன்ஸ் மெசினில சும்மா சுத்திக் காட்டச் சொல்லும், சின்னக் காசுதான் கேப்பினம், சிலர் வாங்கவும் மாட்டினம், ஆனா எல்லாரும் விண்டர் ரயர் மாத்த வாற நவம்பரில மட்டும் போய்க் கேட்டுப்போடாதேயும், கொல்லுவாங்கள்.

வெடிப்பெண்டா கதையே இல்லை. நான் தெரியாம ஒண்டு வித்தனான். ஆள் ரயர் போட்டா காத்து நிக்கேல்லையாம், கடைக்காரன் தண்ணித் தொட்டிக்க அமத்திப் பாக்க உள்பக்கத்தில தலைமயிர் மாதிரி ஒரு கோட்டால குமிழி வந்ததாம். இரவு ஒம்பது மணிக்கு போன் எடுத்துக் கத்தினார். நாலில ஒண்டின்ர காசைத் திருப்பி அனுப்பினன், அவர் ஒரு நன்றி கூடச் சொல்லேல்லை, சொல்லவேணுமெண்டும் இல்லை, அது குழந்தை குட்டியை ஏத்திக்கொண்டு ஹைவேயில நூறில ஓடிற சில்லு. வெடிச்சதைப் பழைய இரும்புக்காரனிட்டக் குடும், அலுமினியம் நிறைக்குத்தான் எடுப்பினம், கோப்பிக் காசாவது வரும். மிச்சம் மூண்டையும் வீசிப்போடாதேயும். பள்ளத்தில ஒரு ரிம் உடைஞ்சவன் அதே மாடலில ஒண்டே ஒண்டு தேடித் திரியிறான், அவனுக்கு உம்மட உரசலெல்லாம் கண்ணிலயே படாது.

சரி, இனிப் படம். முதல் கழுவும், பாத்திரம் கழுவிற சோப்பும் பழைய பல்லுத் தேய்க்கிற பிறஸும் காணும், அசிட் கலந்த வீல் கிளீனர் வாங்காதேயும், பூச்சுப் பேந்த இடத்தில அது இன்னும் திண்டுடும். காஞ்சாப்பிறகு ஒவ்வொண்டிலயும் மாஸ்கிங் ரேப் ஒட்டி 1, 2, 3, 4 எண்டு எழுதும். வெளியில, மப்பா இருக்கிற நேரத்தில எடும், வெயிலுக்க எடுத்தா பளபளப்பில கீறல் மறைஞ்சிடும், பேஸ்மென்ற் லைற்றில எடுத்தா எல்லாமே களவெடுத்த சாமான் மாதிரி இருக்கும். ஒவ்வொரு சில்லுக்கும் முன்னுக்கு ஒண்டு, பின்னுக்கு ஒண்டு, குறை இருக்கிற இடத்தில ஒரு லூனி, ஒரு டொலர்க் காசை வைச்சுக் கிட்டவா ஒண்டு. காசு பக்கத்தில இருந்தா உரசல் எவ்வளவு நீளமெண்டு பாக்கிறவனுக்கு உடன விளங்கும். அந்தக் காசு வைச்ச படத்தை முதலாவதாப் போடும். உமக்கு இப்ப இது விசர்க் கதை மாதிரித்தான் இருக்கும், செய்து பாரும்.

பின்பக்கத்தில அச்சடிச்சுக் கிடக்கிற இலக்கத்தையும் படம் எடும். 16 பெருக்கல் 7 எண்டு கிடந்தா விட்டம் 16 இஞ்சி, அகலம் 7 இஞ்சி. ஈரீ (ET) எண்டு ரெண்டு எழுத்துக்குப் பக்கத்தில ஒரு இலக்கம் கிடந்தா, அதுதான் ஓஃப்செற், சில்லு எவ்வளவு உள்ளுக்க வெளியில தள்ளி நிக்குமெண்டது. பூட்டிற ஓட்டைக் கணக்கை நீர் தலைப்பிலயே எழுத வேணும், உம்மட சிவிக்குக்கு 5 ஓட்டை, அந்த ஓட்டையள் நிக்கிற வட்டத்தின்ர விட்டம் 114.3 மில்லிமீற்றர், நடு ஓட்டை 64.1. இதை எழுதாட்டி கொரோலாக்காரர் எல்லாம் வந்து கேப்பினம், 2014 இல இருந்து 2019 வரை வந்த கொரோலாவுக்கு அது 100 மில்லிமீற்றர், பூட்டவே ஏலாது. கம்றிக்கும் 114.3 தான், ஆனா நடு ஓட்டை 60.1, அதால உம்மட ரிம்மை இடைவெளிக்கு ஒரு வளையம் வைச்சு கம்றியில பூட்டலாம், மற்றப் பக்கமா கம்றி ரிம் சிவிக்குக்குப் போகாது. ஓஃப்செற்றை மட்டும் அவரையே தன்ர காருக்குச் சரிபாக்கச் சொல்லும்.

இன்னொண்டு, உரசலை விட நூறு மடங்கு முக்கியம், ஒருத்தரும் எழுதிறேல்லை. ஹொண்டாக் கொம்பனி ரிம்மில நட் குந்திற இடம் உருண்டையா இருக்கும், வெளியில விக்கிற அனேக நட் கூம்பு மாதிரி. கூம்பு நட்டை உருண்டைக் குழிக்க இறுக்கினா இறுகினது மாதிரித்தான் இருக்கும், ஆனா முழுசாப் படியாது, ஓட ஓட இளகும். வாங்கிறவர் ஹொண்டா நட் வைச்சிருக்கிறாரோ எண்டு கேளும்.

விலை எவ்வளவெண்டு கேட்டனீர். என்னை விட கிஜிஜிக்குத்தான் அது தெரியும். அதே வருசம் அதே ரிம் மற்றவை என்ன விலைக்குப் போட்டிருக்கினம் எண்டு பாரும், ஆனா ரெண்டு மாசமா விக்காமக் கிடக்கிற விளம்பரத்தைப் பாத்து விலை வைக்காதேயும், அது விக்காத விலை. கெதியாக் காணாமப் போறது எதெண்டு ஒரு கிழமை பாத்தாத் தெரியும். அதுக்குக் கொஞ்சம் கீழ போட்டு, இறங்கக்கூடிய கடைசி விலையை ஒரு துண்டில எழுதி வையும். எழுதாட்டி வாசலில ஆறடி ஆள் ஒருத்தர் நிண்டு பெருமூச்சு விட எங்கட சனத்துக்கு வெக்கம் வந்து குடுத்திடுவம், நான் அப்பிடிக் குடுத்தது எத்தினை.

காலமும் பாக்கவேணும். கியூபெக்கில டிசம்பர் 1 இல இருந்து மார்ச் 15 வரை விண்டர் ரயர் கட்டாயம், ஒன்ராறியோவில எங்களைப் போல ஆக்களுக்குக் கட்டாயமில்லை, ஆனா 2016 இல இருந்து போட்டா இன்சூரன்ஸில கழிவு குடுக்க வேணுமெண்டு வந்தாப்பிறகு கனபேர் ரெண்டு செற் வைச்சிருக்கினம். அதால ஒக்ரோபரில எல்லாரும் விண்டர் ரயர் போட இரும்பு ரிம்தான் தேடுவினம், உம்மட மாதிரி அலோய்க்கு ஆள் வாறது மார்ச் கடைசி, ஏப்ரல். இப்ப பெப்ரவரியில போட்டு விக்கேல்லை எண்டு மனமுடைய வேண்டாம். வீட்டுக்கார அம்மாட்ட ஆறு கிழமை தவணை கேளும், ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்கேக்க நடுவில பழைய துணியைப் போடும், புதுசா நீரே கீறிப்போடாதேயும்.

"இருக்கோ" எண்டு கேக்கிற முப்பது பேரும் உண்மையா வாங்க வாறவை இல்லை, பேஸ்புக் மார்க்கெற்பிளேஸில அது ஒரு பட்டனை அமத்தினாப் போற வசனம். "ஓம் இருக்கு, உங்கட கார் என்ன வருசம், எப்ப வந்து பாக்கலாம்" எண்டு ஒரே பதிலை எல்லாருக்கும் அனுப்பும், கார் மாடலைச் சொல்லுற ஆள்தான் வாங்கிற ஆள்.

சுத்துமாத்துக்காரரும் வருவினம், புதுசா வந்த ஆக்களைத்தான் கூடப் பேய்க்காட்டுவாங்கள். நேர பாக்காமலே முழுக்காசும் அனுப்புறன், மச்சான் வந்து எடுப்பான் எண்டா விடும். நீர் உண்மையான ஆளோ எண்டு பாக்க ஒரு கோட் அனுப்புறன், அதைச் சொல்லும் எண்டா சொல்லவே கூடாது, அது உம்மட நம்பரில வேற கணக்குத் திறக்கிற வேலை. கூடுதலாச் செக் எழுதிப்போட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பச் சொன்னா, அந்தச் செக் பேந்து திரும்பும், நீர் அனுப்பின காசு திரும்பாது. இன்ரறாக் ஈ-ரான்ஸ்ஃபர், ஈமெயிலால பாங்குக்குக் காசு அனுப்பிற முறை, எண்டா உம்மட பாங்கில ஓட்டோ டெப்பொசிற்றை இப்பவே போட்டு வையும், காசு தானா வந்து விழும், ஒரு லிங்கையும் அமத்தத் தேவையில்லை. காசு வந்ததெண்டு ஈமெயில் வந்தாக் காணாது, பாங்க் அப்பைத் திறந்து பாத்தாப்பிறகு சில்லை ஏத்த விடும்.

பேஸ்மென்றுக்க ஆளைக் கூப்பிடாதேயும். நான் மார்க்கம் ரோட்டில ஒரு ரிம் ஹோர்ட்டன்ஸ் (Tim Hortons) கோப்பிக்கடைப் பாக்கிங்கிலதான் அனேகமாச் சந்திக்கிறனான், பகல் நேரம், கமெராவும் இருக்கு, வராட்டிக் கோப்பியாவது குடிக்கலாம். வந்த ஆளுக்கு 1, 2, 3, 4 எண்டு நீரே ஒவ்வொண்டாக் கவிட்டுக் காட்டும், குறையை அவர் தேட முதல் நீர் விரலை வையும். படத்தில பாத்த குறைக்கே திரும்பவும் விலை குறைக்கச் சொன்னா, "அதுக்குத்தானே இந்த விலை போட்டனான்" எண்டு சிரிச்சுச் சொல்லும். படத்தில இல்லாத ஒண்டை அவர் கண்டுபிடிச்சா குறைச்சுக் குடுக்க வேண்டியதுதான்.

வரி கேட்டு எழுதியிருந்தீர், சொந்தப் பழஞ்சாமான் நாலு விக்கிறதுக்கு எச்எஸ்ரி எண்ட விற்பனை வரி ஒண்டும் எடுக்கத் தேவையில்லை. பேந்து ருசி பிடிச்சு வாங்கி வாங்கி விக்கத் தொடங்கினா அது வருமானம், கணக்குக் காட்ட வேணும், அப்ப கேளும்.

அந்த நாலோட வந்திருக்க வேண்டிய நட் இருபதும் எங்க கிடக்கெண்டு வித்த ஆளிட்ட இண்டைக்கே கேட்டுப் பாரும், அனேகமா அவற்ற கராஜில ஒரு கோப்பி ரின்னுக்க கிடக்கும்.