இசை கேள்வி – பதில்: பென்டாங்கிள் பாடிய பழைய பாட்டுகள்

பிரிட்டிஷ் நாட்டுப்பாடல் குழுவான பென்டாங்கிளின் 'குரூயல் சிஸ்டர்' ஆல்பத்தில் மொத்தமே ஐந்து பாட்டு. அதில் ஒன்று 18 நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. பாதியிலேயே அலுத்துவிடுகிறது. எப்படிக் கேட்பது?
– வாசகர், ஈரோடு

அந்த நீளப் பாட்டான 'ஜாக் ஓரையன்' கடைசியில் இருக்கட்டும். முதலில் தலைப்புப் பாட்டைக் கேளுங்கள், ஏழு நிமிடம்தான். தன்னை விட்டுத் தங்கையை விரும்பிய வீரனுக்காக அக்கா தங்கையைக் கடலில் தள்ளிவிடுகிறாள். கரை ஒதுங்கிய உடலின் நெஞ்செலும்பிலும் கூந்தலிலும் பாணர் இருவர் யாழ் செய்கிறார்கள். தகப்பன் வீட்டில் அது தானே ஒலித்துக் கொலையைச் சொல்லிவிடுகிறது. ஒரு வரி கதை, ஒரு வரி பல்லவி என்று மாறி மாறி வருவதால் கதை மெதுவாகத்தான் நகரும். பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது நல்லது.

குழுவின் பாடகி ஜாக்கி மெக்‌ஷீ காதலையும் கொலையையும் ஒரே நிதானத்தில் பாடுவார். உணர்ச்சி போதவில்லை என்று சிலருக்குப் படும். ஆனால் கதைப்பாடல் மரபில் பாடுபவர் நடிப்பதில்லை. கதையைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். இந்த ஆல்பத்தின் பெரிய பலமே அதுதான்.

'ஜாக் ஓரையன்' ஒரு வயலின்காரன் கதை. சீமாட்டி ஒருத்தி அவனை இரவில் வரச் சொல்கிறாள். அவனுடைய வேலைக்காரப் பையன் டாம் முந்திக்கொண்டு அவன் வேடத்தில் போய்விடுகிறான். உண்மை தெரிந்ததும் மூவருமே சாகிறார்கள். கதையைத் தெரிந்துகொண்டு கேட்டால், நடுவே வரும் வாத்தியப் பகுதிகள் இழுவையாகத் தோன்றாது. குழுவின் கிதார்காரர் பெர்ட் ஜான்ஷ் இதையே 1966-இல் தனி ஆல்பத்தில் பத்து நிமிடத்துக்குள் முடித்திருக்கிறார். முதலில் அதைக் கேட்டுவிட்டும் வரலாம்.

இதில் சிதார் ஒலிக்கிறதே, ராகம் ஏதாவது வாசிக்கிறார்களா?
– வாசகி, தஞ்சாவூர்

இல்லை. தலைப்புப் பாட்டில் குழுவின் இன்னொரு கிதார்காரர் ஜான் ரென்போர்ன் வாசிக்கும் சிதார், பாடும் வரிகளுக்கு இடையே ரீங்காரமாக நிற்கிறது. ஆலாபனை எதிர்பார்த்தால் ஏமாற்றமே.

இவை ஸ்காட்லாந்துப் பாட்டுகளா, இங்கிலாந்துப் பாட்டுகளா? எப்படித் தேடிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், மதுரை

பெயரை வைத்துத் தேடாதீர்கள்; ஒரே பாட்டுக்கு ஊருக்கு ஒரு பெயர். எண்ணை வைத்துத் தேடுங்கள். ஹார்வர்டு பேராசிரியர் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு 305 கதைப்பாடல்களைத் தொகுத்து 1882 முதல் 1898 வரை வெளியிட்டார். அதில் அக்கா–தங்கை கதை 10-ஆம் எண், 'ஜாக் ஓரையன்' 67-ஆம் எண். அக்கா–தங்கை கதை இங்கிலாந்தில் 1656-லேயே அச்சாகியிருக்கிறது. 'குரூயல் சிஸ்டர்' என்ற தலைப்பிலேயே ஸ்காட்லாந்து எல்லைப்புறப் பாடல்களின் தொகுப்பில் வால்டர் ஸ்காட் 1802-இல் சேர்த்தார். எல்லை தாண்டிப் போய்வந்த பாட்டு அது. ஒரு நாட்டுக்கு மட்டும் எழுதிவைக்க முடியாது. இதே ஆல்பத்தில் வரும் 'லார்டு பிராங்க்ளின்' சைல்டு தொகுப்பில் கிடைக்காது. 1845-இல் வடதுருவக் கடலுக்குப் போய்த் திரும்பாத கப்பல்களைப் பற்றிய பாட்டு அது. ஆங்கில நாட்டுப்பாடல்களுக்கு எண் கொடுத்திருக்கும் ரௌட் அட்டவணையில் 487 என்று தேடுங்கள்.

பிரிட்டிஷ் நாட்டுப்பாடல் கிதார்காரர்கள் வைக்கும் டி-ஏ-டி-ஜி-ஏ-டி சுருதிக்கு எப்படி மாறுவது? எனக்குத் தந்தி அதிர்ந்து இரைகிறது.
– வாசகர், கோவை

பிரிட்டிஷ் கிதார்காரர் டேவி கிரஹாம் பரப்பிய சுருதி இது. வழக்கமான சுருதியிலிருந்து 6, 2, 1 ஆகிய மூன்று தந்திகளை மட்டும் ஒரு முழுச் சுரம் (இரண்டு ஃப்ரெட் அளவு) இறக்குங்கள். சரிபார்க்க: 6-ஆம் தந்தியை 12-ஆவது ஃப்ரெட்டில் அழுத்தினால் 4-ஆம் தந்தியின் திறந்த ஒலி வர வேண்டும். 5-ஆம் தந்தியின் 12-ஆவது ஃப்ரெட் 2-ஆம் தந்தியோடும், 4-ஆம் தந்தியின் 12-ஆவது ஃப்ரெட் 1-ஆம் தந்தியோடும் பொருந்த வேண்டும்.

இறக்கும்போது நேராகச் சுரத்தில் நிறுத்தாதீர்கள். கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் தங்கும் பட்டையான நட்டின் பள்ளத்தில் தந்தி சிக்கி நின்று, வாசிக்கும்போது வழுக்கி இன்னும் இறங்கும். சுரத்துக்குக் கொஞ்சம் கீழே போய், பிறகு ஏற்றி நிறுத்துங்கள். இரைவதற்குக் காரணம் தந்தியின் தளர்ச்சி. 10 கேஜ் (தந்தியின் தடிமன்) போட்டிருந்தால் 12 அல்லது 13-க்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகு கழுத்து லேசாக வளையலாம். தந்தி உயரத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பழைய கார்டு வடிவங்கள் இதில் பொருந்தா. திறந்த தந்திகளில் டி, ஜி, ஏ மட்டுமே இருப்பதால் அது மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. கட்டைவிரலால் 6-ஆம் தந்தியில் டி-யை விடாமல் பிடித்துக்கொண்டு, மெட்டை மேல் மூன்று தந்திகளில் மட்டும் வாசித்துப் பழகுங்கள்.