கால் விரலில் கறுப்புப் புள்ளி: முள்ளா, மணல் தெள்ளா?

தோல் பிரிவில் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். காலில் புகும் பூச்சி பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

கீழக்கரையில் இருந்து: அக்கா, தம்பி போன வாரம்தான் உகாண்டாவில் இருந்து வந்தான். பெருவிரல் நகத்தோரம் வெள்ளையாக வீங்கி நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. கருவேல முள் என்று ஊக்கால் கிளறினோம், வரவில்லை.

ஊக்கைக் கீழே வையுங்கள், முதலில். உகாண்டா என்றதுமே எனக்கு மணல் தெள்ளு என்றுதான் தோன்றுகிறது. 1 மில்லிமீட்டர்தான் இருக்கும், ஆனால் பெண் தெள்ளு தோலுக்குள் புகுந்து பின்பக்க நுனியை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு, வயிற்றில் முட்டை நிறைய நிறைய பட்டாணி அளவுக்கு ஊதிவிடும், நீங்கள் பார்க்கிற கறுப்புப் புள்ளி அந்த நுனிதான், மூச்சு விடுவதும் முட்டை போடுவதும் அது வழியாகத்தான். கிளறினால் உடல் பிய்ந்து பாதி உள்ளேயே நின்று சீழ் பிடிக்கும். டாக்டரிடம் போனதும் உகாண்டா போய் வந்ததைச் சொல்லிவிடுங்கள், நம் பக்கம் பழக்கமில்லாத நோய், கால் ஆணி என்று நினைத்துவிடலாம். சுத்தமான கருவியால் முழுசாக எடுத்துவிட்டு, தேவைப்பட்டால் ரணஜன்னி வராமல் இருக்க டிடி ஊசியும் போடுவார்கள்.

அவரே மறுபடி: எடுக்காமல் விட்டால் தானாகப் போகாதா? வீட்டில் குழந்தைகளுக்கு ஒட்டுமா?

4 முதல் 6 வாரத்தில் தெள்ளு செத்துவிடும், சரி. ஆனால் அந்தப் புண் வழியாக ரணஜன்னி வரலாம், அதற்கு எதற்கு இடம் கொடுக்க வேண்டும்? தொட்டால் ஒட்டாது. முட்டை மண்ணில் விழுந்து பொரித்து வளர்ந்தால்தான் அடுத்த ஆளுக்கு, அதனால் எடுக்கும் வரை கட்டுப் போட்டு வையுங்கள்.

தங்கச்சிமடத்தில் இருந்து: கருவாடு காயப்போடும் மணலில் வெறுங்காலோடுதான் நிற்கிறோம். மகள் பாதத்தில் சிவப்பாக ஒரு கோடு வளைந்து வளைந்து நீளுகிறது, ராத்திரி ஒரே அரிப்பு. இதுவும் தெள்ளா?

இல்லைம்மா. தெள்ளு புகுந்த இடத்தை விட்டு நகராது. கோடு நீளுகிறது என்றால் நாய், பூனை மலத்தில் இருந்து மணலுக்கு வருகிற கொக்கிப்புழுக் குஞ்சு, மனிதத் தோலைத் தாண்டி ஆழமாகப் போக முடியாமல் மேலாகவே ஊர்கிறது. நம் கடற்கரையில் எனக்குப் பெரிய கவலை இதுதான். சொறியவிடாதீர்கள். அல்பெண்டசோல், ஐவர்மெக்டின் என்று மாத்திரை இருக்கிறது, பிள்ளையின் வயதையும் எடையையும் பார்த்து டாக்டர்தான் அளவு சொல்ல வேண்டும். நாய் படுத்துக் கிடக்கும் மணலில் செருப்பில்லாமல் விளையாட விடாதீர்கள், உட்காரும் இடத்தில் பாய் விரியுங்கள்.

தொண்டியில் இருந்து: இந்தத் தெள்ளு ஆப்பிரிக்காப் பூச்சியா?

தென் அமெரிக்காப் பூச்சி. 1872ல் பிரேசிலில் இருந்து அங்கோலா போன கப்பலில் போய் இறங்கி, அப்புறம் ஆப்பிரிக்கா முழுக்கப் பரவியது. அங்கே வேலைக்குப் போகிறவர்கள் மூடிய ஷூ போட்டு, தினமும் ராத்திரி விரலிடுக்கைப் பார்த்துவிட்டுப் படுங்கள்.