பழங்குடி நிலத்தில் வெளியாள் குற்றம் செய்தால் மாநிலம் வழக்குப் போட முடியுமா?

முடியும். அமெரிக்காவைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று வைத்துச் சொல்கிறேன். ஆனால் 2022 வரை பதில் இவ்வளவு நேராக இல்லை.

குற்றவாளி, பாதிக்கப்பட்டவர் இருவருமே பூர்வகுடி அல்லாதவர் என்றால் 1881இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த மெக்பிராட்னி தீர்ப்பிலிருந்தே அது மாநிலத்தின் வழக்கு. பாதிக்கப்பட்டவர் பூர்வகுடி என்றால்தான் சிக்கல். அது மத்திய அரசின் வேலை என்றே பெரும்பாலும் கருதி வந்தார்கள்.

2015இல் ஓக்லஹோமாவின் டல்சாவில் செரோக்கி இனத்தைச் சேர்ந்த 5 வயதுச் சிறுமியை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தபோது அவள் எடை வெறும் 19 பவுண்டு, அதாவது ஒன்பது கிலோகூட இல்லை. பூர்வகுடி அல்லாத வளர்ப்புத் தந்தைக்கு மாநில நீதிமன்றம் 35 ஆண்டு கொடுத்தது. அப்புறம் 2020இல் உச்ச நீதிமன்றத்தின் மெக்கர்ட் தீர்ப்பு வந்து, கிழக்கு ஓக்லஹோமாவின் பெரும்பகுதி சட்டப்படி இன்னும் பூர்வகுடி நிலம்தான் என்று ஆனதால் அந்தத் தண்டனை ரத்தாகி, மத்திய நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 7 ஆண்டுக்கு உடன்பாடு செய்துகொண்டார். மாநிலம் உச்ச நீதிமன்றம் போனது. 2022இல் 5-4 என்ற கணக்கில் மாநிலத்துக்கும் அதிகாரம் உண்டு என்று தீர்ப்பானது.

அந்தக் குழந்தையை நினைத்தால் தீர்ப்பு சரி என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் நீதிபதி கோர்சச் எழுதிய மாறுபட்ட தீர்ப்பைத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் தங்கள் மண்ணில் மாநிலம் நுழையலாமா என்று பழங்குடிகளை யாரும் கேட்கவே இல்லை. அவர்களின் சொந்த நீதிமன்றமோ 1978 ஒலிஃபன்ட் தீர்ப்புப்படி வெளியாளை விசாரிக்கவே முடியாது. குடும்ப வன்முறைக்கு 2013இலும், பாலியல் வன்முறை, குழந்தைகள் மீதான வன்முறை போன்றவற்றுக்கு 2022இலும்தான் நாடாளுமன்றம் விலக்குக் கொடுத்தது.