சுவரைவிடக் கண்ணாடி அதிகம்: ஹார்ட்விக் மாளிகை

கேள்வி: இங்கிலாந்தின் ஹார்ட்விக் மாளிகையில் சுவரே தெரியாத அளவுக்குச் சன்னல்கள். கட்டடம் எப்படி நிற்கிறது? (மதுரை வாசகர்)

பதில்: புகைபோக்கிகளைப் பாருங்கள், விடை கிடைக்கும். கணப்பையும் புகைபோக்கியையும் வெளிச்சுவரில் வைத்தால் அந்த இடத்தில் சன்னல் திறக்க முடியாது. 1590 முதல் 1597 வரை டெர்பிஷரில் இதைக் கட்டியபோது, வடிவமைத்த ராபர்ட் ஸ்மித்சன் புகைபோக்கிகளில் பலவற்றை உட்சுவர்களுக்குள் கொண்டுபோனார். வெளிச்சுவர் பலவீனப்படாமலே கண்ணாடிக்கு இடம் கிடைத்தது. நான்கு பக்கமும் துருத்தி நிற்கும் ஆறு கோபுரங்கள் முட்டுக் கொடுக்கின்றன. முகப்பின் ஒழுங்கு கெடக்கூடாது என்று வைத்த சில சன்னல்கள் வெறும் தோற்றம்தான். பின்னால் சுவர் இருக்கிறது.

கேள்வி: மேலே போகப்போகச் சன்னல்கள் ஏன் உயர்கின்றன? (நாகர்கோவில் வாசகி)

பதில்: மாடியின் உயரமே மரியாதையின் அளவு. தரைத்தளம் வேலையாட்களுக்கு, முதல் மாடி குடும்பத்துக்கு, இரண்டாம் மாடி அரச விருந்தினருக்கு. தளத்துக்குத் தளம் கூரை உயர்வதால் சன்னலும் உயர்கிறது. மேல்தள நீள்கூடத்தில், பைபிளில் வரும் கிதியோன் கதையைப் படங்களாக நெய்த 13 சுவர்த்திரைகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 6 மீட்டர் உயரம். அவற்றைச் சீரமைக்க 24 ஆண்டுகள் பிடித்தன. 2023-இல்தான் வேலை முடிந்தது. வெயில் சாயத்தை வெளுக்கவைத்து நூலை இற்றுப்போகச் செய்யும். பழந்துணிக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சமே பொதுவான வரம்பு. இவ்வளவு கண்ணாடி இருந்தும் உள்ளே சன்னல் மறைப்புகளை இறக்கிவைப்பது அதனால்தான்.

கேள்வி: கூரை விளிம்பில் 'ஈ.எஸ்.' என்ற எழுத்துகள் யாருடையவை? (திருச்சி வாசகர்)

பதில்: கட்டுவித்த எலிசபெத் ஷ்ரூஸ்பரியுடையவை, 'ஹார்ட்விக் பெஸ்' என்றால் எல்லோருக்கும் தெரியும். நான்கு முறை மணந்தவர், 1608-இல் மறைந்தார். வழிவந்த டெவன்ஷர் பிரபுக்கள் சாட்ஸ்வொர்த் மாளிகையைத் தலைமை வீடாக்கிக்கொண்டார்கள். காலத்துக்கேற்றபடி ஹார்ட்விக்கை இடித்துத் திருத்த யாரும் முனையவில்லை. நமக்குக் கிடைத்த பேறு அது! 1959 முதல் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு பராமரிக்கிறது.

கேள்வி: இத்தகைய பழைய சன்னல்களில் என்ன பழுது வரும்? (கோவை வாசகர்)

பதில்: ஊதிச் செய்த சிறு கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டைகளில் கோத்திருப்பார்கள். ஈயம் மெல்ல மெல்லத் தொய்யும், சன்னல் வயிறு தள்ளும், துண்டுகள் விரிசல் விடும். தாங்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்து ஊதினால் கல் சட்டமே பிளந்துவிடும். சரிசெய்யும் முறை இது: துண்டுகளுக்கு எண்ணிட்டு, வரைபடம் எடுத்த பிறகே கழற்ற வேண்டும். பழைய கண்ணாடியைப் புது ஈயத்தில் கோத்து, மூட்டுகளைப் பற்றவைத்து, ஆளிவிதை எண்ணெயில் சீமைச் சுண்ணாம்புப் பொடியைக் குழைத்த மக்கை இடுக்குகளில் தேய்த்து, செம்புக் கம்பியால் குறுக்குக் கம்பியோடு கட்ட வேண்டும். சட்டத்தைச் சுற்றிச் சுண்ணாம்புச் சாந்துதான் பூச வேண்டும். சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மணற்கல்லுக்குள் தங்கி, பனிக்காலத்தில் உறைந்து, கல்லின் முகத்தைச் செதில் செதிலாக உரித்துவிடும்.