ஆன்ஃபீல்டில் ஓர் ஆட்டம்: 290 பவுண்டு கொடுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: அண்ணா, வணக்கம். நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்தின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு எழுபது வயதாகிறது. சின்ன வயதிலிருந்தே லிவர்பூல் கால்பந்துக் கிளப்பின் ரசிகர். வரும் ஏப்ரலில் மான்செஸ்டரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறோம். அப்பாவையும் என் மகனையும் அந்தக் கிளப்பின் மைதானமான ஆன்ஃபீல்டுக்கு ஒரு முறையாவது கூட்டிப் போக வேண்டும் என்று ஆசை. ஓர் இணையதளத்தில் டிக்கெட் ஒன்று 290 பவுண்டு என்று போட்டிருக்கிறது. மூன்று பேருக்கும் சேர்த்தால் எங்கள் பயணச் செலவில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். இப்போதெல்லாம் இதுதான் விலையா? இப்போதே வாங்கிவிடலாமா, காத்திருக்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம், தங்கச்சி. முதலில் அந்தப் பக்கத்தை மூடுங்கள். அட்டை விவரம் எதையும் அதில் கொடுக்காதீர்கள்.

நீங்கள் பார்த்தது கிளப் வைத்த விலை இல்லை. லிவர்பூல் கிளப் தன் சொந்த மைதானத்தில் பெரியவர்களுக்கு விற்கும் சாதாரண டிக்கெட், அண்மைச் சீசன்களில் ஏறத்தாழ 40 முதல் 60 பவுண்டு வரைதான். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் சிறுவர்களுக்கும் அதிலும் சலுகை உண்டு. ஒரு பவுண்டை 23 ராண்டு என்று வைத்துக்கொண்டால், சலுகையே இல்லாமல் மூன்று பேருக்கும் அதிகபட்சம் 4,100 ராண்டு சொச்சம். அந்த இணையதளம் உங்களிடம் கேட்பது 20,000 ராண்டு. நடுவில் இருக்கும் 16,000 ராண்டு கிளப்புக்கும் போகாது, ஆட்டக்காரருக்கும் போகாது. பிளாக்கில் விற்பவன் பைக்குப் போகும்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. கால்பந்து டிக்கெட்டை அனுமதியின்றி மறுவிற்பனை செய்வது இங்கிலாந்தில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இசை நிகழ்ச்சிக்கு வந்திராத இந்தக் கட்டுப்பாடு கால்பந்துக்கு மட்டும் வந்ததற்குக் காரணம், இரண்டு கிளப் ரசிகர்களும் ஒரே பகுதியில் கலந்துவிடக் கூடாது என்ற பாதுகாப்புக் கவலை. அதனால்தான் இப்படி விற்கும் தளங்கள் பெரும்பாலும் வேறு நாடுகளில் பதிவு செய்யப்பட்டிருக்கின்றன. இவர்கள் உங்களுக்கு அனுப்புவது பெரும்பாலும் வேறொருவருடைய உறுப்பினர் கணக்கில் வாங்கிய டிக்கெட். ஆன்ஃபீல்டில் இப்போது காகித டிக்கெட் கிடையாது. போனில் இறங்கும் டிக்கெட்டை வாயிலில் காட்ட வேண்டும். கணக்கின் மீது கிளப்புக்குச் சந்தேகம் வந்தால் ஆட்டத்தன்று காலையில்கூட அதை ரத்து செய்துவிடும். எழுபது வயது அப்பாவை வாயில்வரை கூட்டிப் போய்த் திரும்பி வரும் நிலை உங்களுக்கு வரக் கூடாது. இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக் தன் தளத்தில் அங்கீகாரமற்ற விற்பனைத் தளங்களின் பட்டியலை வெளியிட்டிருக்கிறது. எந்தத் தளத்தின் பெயர் கண்ணில் பட்டாலும் அதில் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

சரி, நேர்வழி என்ன? அந்த வழியில் பணத்தைவிட நேரம்தான் அதிகம் செலவாகும். அதைத்தான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

மூன்று பேருக்கும் தனித்தனியாகக் கிளப்பின் உறுப்பினர் அட்டை எடுங்கள். ஒரு அட்டையை வைத்து மூன்று டிக்கெட் வாங்க முடியாது. எடுத்தபின் கிளப்பின் தளத்தில் மூன்று கணக்குகளையும் குடும்பமாக இணைத்துவிடுங்கள். அப்போதுதான் விண்ணப்பமும் ஒன்றாகப் போகும், இருக்கையும் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கும். உறுப்பினர்களுக்கான டிக்கெட்டுகளைக் கிளப் குலுக்கல் முறையில்தான் தருகிறது. சீசனின் முதல் பாதி ஆட்டங்களுக்குப் பொதுவாக ஜூலை வாக்கிலும், இரண்டாம் பாதிக்கு நவம்பர் வாக்கிலும் பதிவு நடக்கும். உங்கள் ஏப்ரல் ஆட்டம் இரண்டாவதில் வரும். பதிவுக்குத் திறந்திருப்பது சில நாள்களே, அதனால் கிளப்பிலிருந்து வரும் மின்னஞ்சல் குப்பைப் பெட்டியில் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். இப்படித் தவறவிடுகிறவர்கள் ஏராளம்.

எந்த ஆட்டத்துக்கு விண்ணப்பிப்பது என்பதிலும் யோசனை வேண்டும். மான்செஸ்டர் யுனைடெட், எவர்ட்டன், ஆர்சனல் என்று போனால் குலுக்கலில் பெயர் வருவது குதிரைக்கொம்புதான். உங்கள் அப்பாவுக்கு வேண்டியது ஆன்ஃபீல்டில் உட்கார்ந்து, ஆட்டம் தொடங்குமுன் அந்தக் கூட்டம் ஒரே குரலில் பாடுவதைக் கேட்பது. எதிரே வருவது நடுத்தரக் கிளப்பாக இருந்தாலும் பாட்டு அதே பாட்டுதானே. பெரிய ஆட்டங்களை விட்டுவிட்டு மற்ற எல்லா ஆட்டங்களுக்கும் பெயர் கொடுங்கள்.

குலுக்கலில் விழவில்லையென்றால் கதை முடிந்துவிடாது. சீசன் முழுவதுக்கும் இடம் வாங்கி வைத்திருக்கும் சீசன் டிக்கெட்காரர்கள் வர முடியாத நாளில் தங்கள் இடத்தைக் கிளப்பிடமே திருப்பிக் கொடுப்பார்கள். அந்த இடங்களை உறுப்பினர்களுக்குக் கிளப் அதே விலைக்கு விற்கும். ஆட்டம் நெருங்க நெருங்க இவை ஒன்றிரண்டாக வெளிவரும். மூன்று இருக்கை சேர்ந்தாற்போல் கிடைப்பது கஷ்டம். தாத்தாவும் பேரனும் ஒன்றாக உட்கார இரண்டு கிடைத்தால்கூட எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். இன்னொரு வழியும் உண்டு. லிவர்பூலின் அங்கீகாரம் பெற்ற ரசிகர் மன்றங்கள் தென்னாப்பிரிக்காவிலும் இருக்கின்றன. அத்தகைய மன்றங்களுக்குக் கிளப் கொஞ்சம் டிக்கெட் ஒதுக்கும். ஆண்டுக்கணக்கில் வருகிற உறுப்பினருக்குத்தான் முதலிடம் தருவார்கள். ஆனாலும் அப்பாவின் வயதையும் ஆசையையும் சொல்லி ஒரு வார்த்தை கேட்பதில் தவறில்லை.

விருந்தோம்பல் பாக்கேஜ் என்று சாப்பாடு, மெத்தை இருக்கையுடன் கிளப்பே விற்பதும் உண்டு. அது சட்டபூர்வமானது, ஆனால் விலை நூற்றுக்கணக்கான பவுண்டுகள். அந்த அளவு செலவழித்தே தீர்வதென்றால் கிளப்பிடமோ கிளப் பெயர் சொல்லி அங்கீகரித்த முகவரிடமோ வாங்குங்கள்.

தேதி விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஆட்ட அட்டவணையில் சனிக்கிழமை என்று இருப்பதை நம்பி விமான டிக்கெட் போட்டுவிடாதீர்கள். தொலைக்காட்சிக்காக அதை வெள்ளிக்கோ ஞாயிறுக்கோ திங்களுக்கோ மாற்றுவார்கள். ஏப்ரல் மாதத் தேதிகள் உறுதியாவது அதற்குச் சில வாரங்கள் முன்புதான். கோப்பை ஆட்டங்கள் குறுக்கே வந்தால் வாரக்கணக்கில்கூடத் தள்ளிப்போகும். தங்கை வீடு மான்செஸ்டரில் இருப்பது நல்லதாயிற்று. லிவர்பூலுக்கு ரயிலில் ஒரு மணி நேரம் போலத்தான். ஆட்டம் நடக்கும் வாரக்கடைசிக்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று நாள் இடம் விட்டுப் பயணத்தை வையுங்கள். நம் கடவுச்சீட்டுக்கு இங்கிலாந்து விசா வேண்டும். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். மறுத்தாலும் கட்டணம் திரும்பி வராது. ஆகவே ஆட்டத்தை நம்பி விசா எடுக்காமல், தங்கையைப் பார்க்கப் போகிற பயணத்தில் ஆட்டத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி, “இப்போதெல்லாம் இதுதான் விலையா” என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன்.

பிளாக் விலையை விடுங்கள். கிளப்புகள் வைக்கும் விலையே சாதாரண ஜனங்களுக்கு எட்டாமல் ஏறிக்கொண்டிருப்பது உண்மை. 1989இல் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் உயிரிழந்தார்கள். சாவு எண்ணிக்கை பின்னாளில் 97 ஆனது. அதை விசாரித்த நீதிபதி டெய்லரின் அறிக்கை 1990இல் வந்தது. பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்று சொன்ன அதே அறிக்கை, அதைச் சாக்காக வைத்து விலையை ஏற்றத் தேவையில்லை என்பதற்கு கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தை எடுத்துக்காட்டியது. அங்கே அப்போது இருக்கைக்கு 6 பவுண்டு, நின்று பார்க்க 4 பவுண்டு. இருக்கைகள் வந்தன. விலை பற்றிய பேச்சு காற்றில் போயிற்று. 1992இல் பிரீமியர் லீக் தொடங்கியபின் விலை ஏறியபடியேதான் இருக்கிறது.

செலவு கூடிவிட்டது, வேறு வழியில்லை என்று கிளப்புகள் சொல்லும். கணக்கைப் பாருங்கள். லிவர்பூல் கிளப் 2023-24இல் ஈட்டிய மொத்த வருமானம் 614 மில்லியன் பவுண்டு. ஆட்ட நாள்களில் மைதானத்திலிருந்து வந்தது அதில் 102 மில்லியன், அதாவது ஆறில் ஒரு பங்கு. அதிலும் விருந்தோம்பல் பாக்கேஜ் வருமானம் அடக்கம். மீதி எல்லாம் தொலைக்காட்சியும் விளம்பரமும் வணிகமும் தந்தது. பிரிட்டனுக்குள் ஒளிபரப்பும் உரிமையை மட்டும் பிரீமியர் லீக் 2025இலிருந்து நான்கு ஆண்டுக்கு 6.7 பில்லியன் பவுண்டுக்கு விற்றிருக்கிறது. சாதாரண ரசிகரிடம் கூடுதலாகப் பிடுங்கும் ஐந்து பவுண்டு இந்தக் கடலில் கரைந்த பெருங்காயம். ஆனால் பேருந்து ஓட்டி மூன்று பிள்ளைகளைப் படிக்கவைக்கிற ஒரு லிவர்பூல் அப்பனுக்கு அந்த ஐந்து பவுண்டுதான் போகலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்கிறது. விலையேற்றம் மழை வெயில் மாதிரி தானாக வருவதில்லை. ஓர் அறையில் உட்கார்ந்து சிலர் எடுக்கும் முடிவு அது.

அந்த முடிவை மாற்ற முடியும் என்று காட்டியவர்களும் உங்கள் அப்பாவின் கிளப் ரசிகர்கள்தான். 2016 பிப்ரவரியில் அடுத்த சீசனுக்கு 77 பவுண்டு டிக்கெட் வரப்போகிறது என்று அறிவிப்பு வந்தது. சண்டர்லேண்டுடன் ஆட்டம், லிவர்பூல் 2-0 என்று முன்னிலை. 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியேறினார்கள். ஆட்டம் 2-2 என்று முடிந்தது. சில நாள்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு அந்த விலையைக் கைவிட்டார்கள். அதே 2016-17 சீசனிலிருந்து, வெளியூர் மைதானத்துக்குப் போகும் ரசிகருக்கு 30 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று லீக் வரம்பு வைத்தது. அதுவும் ரசிகர் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் போராடிப் பெற்றது. 2024 இறுதியில் மான்செஸ்டர் யுனைடெட் மீதி சீசனுக்கு உறுப்பினர் டிக்கெட்டை 66 பவுண்டு என்று ஒரே விலையாக்கி, முதியோர், சிறுவர் சலுகையையும் எடுத்தபோது, பரம எதிரிகளான லிவர்பூல் ரசிகர்களும் அவர்களோடு சேர்ந்து குரல் கொடுத்தார்கள்.

இந்த நோய் கிளப்புகளோடு நிற்கவில்லை. 2010இல் உலகக் கோப்பை நம் வீட்டு வாசலுக்கு வந்தபோது தென்னாப்பிரிக்காவில் வாழ்கிறவர்களுக்கென்றே ஒரு வகை டிக்கெட் இருந்தது. குழு ஆட்டத்துக்கு 140 ராண்டு. டர்பனின் மோசஸ் மபிடா மைதானத்தில் அந்த டிக்கெட்டோடு உலகக் கோப்பை பார்த்தவர்கள் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் எத்தனையோ பேர். 2026 உலகக் கோப்பைக்கு, தேவைக்கேற்ப ஏறி இறங்கும் விலை முறையை ஃபிஃபா கொண்டுவந்தது. இறுதி ஆட்டத்தின் உயர்ந்த டிக்கெட் தொடக்கத்திலேயே 6,730 டாலர். ரசிகர்கள் எதிர்த்துக் கிளம்பியபின், 2025 டிசம்பரில், தகுதி பெற்ற நாடுகளின் விசுவாசமான ரசிகர்களுக்கென்று எல்லா ஆட்டங்களிலும் 60 டாலருக்குச் சில இடங்கள் ஒதுக்கினார்கள். அதற்குச் சில மாதம் முன், கிளப் உலகக் கோப்பை அரையிறுதியில் இதே முறையில் 470 டாலரைத் தாண்டி விற்ற டிக்கெட் ஆட்டம் நெருங்கியபோது 13 டாலருக்கு விழுந்தது. முன்கூட்டி வாங்கிய விசுவாசிதான் அதில் ஏமாந்தவர். எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

ஏப்ரலுக்குள் எதுவும் கிடைக்கவில்லையென்றால் என்ன செய்வது? ஆன்ஃபீல்டைச் சுற்றிக் காட்டும் பயணத்தை ஆட்டமில்லாத நாளில் முன்பதிவு செய்யலாம். உடைமாற்றும் அறை, ஆட்டக்காரர் மைதானத்துக்குள் வரும் பாதை எல்லாம் அப்பா பார்க்கலாம். அதே வாரம் பையனுக்கு ஒரு ஆட்டமும் வேண்டும். லிவர்பூல் பெண்கள் அணி பக்கத்து செயின்ட் ஹெலன்ஸில் ஆடுகிறது. மெர்சி ஆற்றுக்கு அந்தப் பக்கம் பர்கன்ஹெட்டில் டிரான்மியர் ரோவர்ஸ் என்ற சின்ன கிளப் இருக்கிறது. இங்கெல்லாம் டிக்கெட், ஆன்ஃபீல்டு விலையில் கால்வாசி, பாதி அளவுதான். குலுக்கலும் இல்லை, புல்தரையை ஒட்டி உட்காரலாம். நம் சாட்ஸ்வொர்த் மைதானத்தில் மேனிங் ரேஞ்சர்ஸ் ஆடிய காலத்தை அப்பா பார்த்திருப்பார். 1996-97இல், நம் நாட்டின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான பி.எஸ்.எல். தொடங்கிய முதல் சீசனிலேயே பட்டம் வென்ற அணி அது. சின்ன மைதானத்தின் நெருக்கம் என்னவென்று அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உடனே செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. மூன்று உறுப்பினர் அட்டைகளையும் கிளப்பின் சொந்தத் தளத்தில் எடுங்கள். மூவரின் பெயரும் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கட்டும். அப்பாவின் பிறந்த தேதியைச் சரியாகப் போடுங்கள், முதியோர் சலுகை அதைப் பார்த்துத்தான் வரும். அவருக்கு டிக்கெட் இறக்குகிற வசதியுள்ள போன் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். பழைய பட்டன் போனில் இந்த டிக்கெட் இறங்காது. குலுக்கல் முடிவு வந்ததும் எழுதுங்கள், மீதியை அப்போது பார்ப்போம்.