பொகோட்டாவில் எத்தனை நாள் தங்கலாம்?

கேள்வி: முதுகுப்பையுடன் தென் அமெரிக்காவைச் சுற்றிவரும் இளைஞர்களில் சிலர் கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவைக் கொண்டாடுகிறார்கள், வேறு சிலரோ, குளிரும் மழையும்தான் மிச்சம் என்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: இரு தரப்பினரும் தாம் கண்டதையே சொல்கிறார்கள். கார்த்தஹேனாவின் கடற்கரை வெயிலிலிருந்து நேரே சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் வந்து இறங்குபவருக்கு முதல் நாள் மூச்சு வாங்கும். மாலையில் கம்பளிச் சட்டை இல்லாமல் முடியாது. அந்தச் சோர்விலேயே மறுநாள் மெடஜினுக்குப் பேருந்து ஏறிவிடுபவர்களுக்கு இந்த ஊர் பிடிபடுவதில்லை.

என் பரிந்துரை, ஞாயிற்றுக்கிழமை அங்கே இருக்கும்படி பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள் என்பதே. அன்று காலை 7 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை முக்கியச் சாலைகள் பலவற்றில் மோட்டார் வாகனங்களை நிறுத்திவிட்டு, சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் நடப்பவர்களுக்கும் வழி விடுகிறார்கள். 1970களிலிருந்து தொடரும் இந்த ஏற்பாடு எந்தப் பெருநகரமும் பின்பற்றத் தக்கது. தங்க அருங்காட்சியகத்திலும் அன்று கட்டணம் இல்லை. அங்குள்ள, இப்பகுதியின் பழங்குடியினரான முய்ஸ்கா மக்களின் பொன் தெப்பத்தைத் தவறவிடாதீர்கள்: ஒரு சாண் நீளம்கூட இல்லாத அதில், நடுவே தலைவனும் சுற்றிலும் சிறு உருவங்களுமாக ஒரு சடங்கே உறைந்து நிற்கிறது.

விடுதிகள் நிறைந்த லா கண்டெலாரியா பகுதியின் சுவரோவியங்களைப் பகலில் பாருங்கள்; கைபேசியைத் தெருவில் கையில் பிடித்தபடி நடப்பதையும், இருட்டிய பின் அங்கே தனியே திரிவதையும் தவிருங்கள். மூன்று முழு நாட்களாவது ஒதுக்குங்கள்.